கேனோப்பிக்குள் நான்கு பிள்ளைகள்

1. வாடை

“அக்கா, ஒங்க கேனோப்பி வாடையில பிள்ளைங்களுக்குத் தலை வலிக்குதாம். என்ன சாமான்ல செஞ்சிருக்கீங்க?”

முனியாண்டி கவுண்டரில் வந்து நின்று இப்படிக் கேட்டபோது எனக்குக் கேள்வியே புரியவில்லை. கேனோப்பி என்பது பிக்-அப் வண்டியின் பின்பக்கத் தொட்டியை மூடும் ஃபைபர் கூடு. அந்தத் தொட்டியை எங்கள் தொழிலில் ‘பெட்’ என்போம். பெட்டில் சாமான் ஏற்றுவார்கள். சாமானுக்குத் தலை வலிக்காது.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் செனாயில், தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருந்தது எங்கள் கடை. பிக்-அப் வண்டிகளுக்கு வேண்டிய எல்லாம் செய்வோம். கேனோப்பி, ரோல் பார், பெட் லைனர், சீட் கவர். திருமணத்துக்கு முன்பே அங்கே கணக்கு எழுதச் சேர்ந்தேன். பிறகு கவுண்டர் சூப்பர்வைசர் ஆனேன். முதலாளி சொக்கலிங்கம், செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். அதிர்ந்து பேச மாட்டார். பொருத்தும் வேலை முழுவதும் அஸ்மான் கையில். அவன் என்னை ‘காக்’ என்று கூப்பிடுவான், மலாயில் அக்கா. நான் அவனிடம் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் பேசுவேன். அவனும் அப்படியே திருப்பிப் பேசப் பழகிவிட்டான்.

“பிள்ளைங்க எங்க வந்தாங்க இதுல?” என்று கேட்டேன்.

“பின்னாடி உக்காந்துதான்கா ஸ்கூலுக்குப் போறாங்க.”

முனியாண்டி ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர். எங்களிடம் கேனோப்பி போட வந்தபோது, “மழையில நனையாம இருக்கணும்” என்று மட்டும் சொன்னார். எது நனையாமல் என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் வீடு இருக்கும் தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், ஸ்கூல் வேன் ஓட்டியவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறு வேன் கிடைக்கவில்லை. முனியாண்டி வேலைக்குப் போகும் வழியில்தான் தமிழ்ப்பள்ளி. தன் மகன் சர்வேஷையும் மகளையும் ஏற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தேவி தன் இரண்டு பிள்ளைகளையும் அனுப்பினார். முதலில் திறந்த வண்டியில் நின்றுகொண்டு போனார்களாம். மழைக்காலம் வந்ததும் கேனோப்பி போட்டார்.

“பின்னாடி ஆள் ஏத்தக் கூடாதே, அண்ணே. போலீஸ் பாத்தா சம்மன் வரும்.”

“தெரியும்கா. ஆனா நின்னுக்கிட்டுப் போனதுக்கு இது மேல் இல்லையா? மூடியிருக்கு. யாரும் கீழ விழ மாட்டாங்க. நானே பலகை போட்டு மெத்தை வெச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்க.”

கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. அந்த மனிதர் அலட்சியக்காரர் இல்லை. பலகையின் முனை பிள்ளைகளுக்குக் குத்தக் கூடாது என்று துணி சுற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு என்ன பேசுவது?

அஸ்மான் கேனோப்பிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தான். “ரெசின் வாடை இல்ல, காக். புதுசா இருந்தா ஒரு வாடை வரும். இது காஞ்சு போச்சு.”

முதலாளி வந்தார். அவரும் முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். பாடம் செய்யாத பிள்ளைகள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வாடையும் இல்லை.

“சீல்ல இருக்கலாம். ரப்பர மாத்திக் குடுத்துரு” என்றார் முதலாளி.

2. ஆளுக்கொரு காரணம்

ரப்பர் சீல் மாற்றிக் கொடுத்தோம். அடுத்த வாரம் முனியாண்டி மறுபடி வந்தார். கூடவே தேவியும் வந்திருந்தார். ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்பவர். யூனிஃபார்மிலேயே வந்திருந்தார்.

“எனக்கு ஒன்னும் வெளங்கலக்கா” என்றார் தேவி. “என் சின்னவ யாழினிக்குத்தான் ரொம்ப. ஸ்கூல் போய் எறங்கினா கண்ணு சொக்குதாம். டீச்சர் சொல்றாங்க, பசியாறாம அனுப்புறீங்கன்னு. நான் ரொட்டி குடுத்துத்தான் அனுப்புறேன். எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, கணக்குப் பாடத்துக்குப் பயந்துக்கிட்டு நடிக்கிறாள்னு. எங்க மாமியாரு, கண்ணு பட்டுருச்சுங்கிறாங்க. கிளினிக்ல காட்டினேன். காய்ச்சல் இல்ல, தலைவலி மருந்து குடுத்தாங்க.”

“சனி, ஞாயிறு?”

“நல்லா ஓடி ஆடுறா. அதான் நடிக்கிறாளோன்னு எனக்கே சந்தேகம்.”

அந்த வாரம் புகைமூட்டமும் இருந்தது. அதனால் இருக்கலாம் என்று நான் சொன்னேன். ஆனால் புகைமூட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும்தானே? வேறு வண்டியில் வரும் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். முன்னால் கேபினில் உட்கார்ந்து ஓட்டும் முனியாண்டிக்கும் ஒன்றும் இல்லை. அவரோடு வேலைக்குப் போகும் நண்பர்களுக்கும் ஒன்றும் இல்லை.

“காத்து இல்லாம இருக்கும்” என்றான் அஸ்மான். “நாம சீல் புதுசா போட்டு இன்னும் டைட் ஆக்கிட்டோம். பின்கண்ணாடியத் தூக்கி வெச்சா காத்து வரும்.”

கேனோப்பியின் பின்பக்கம் மேலே தூக்கித் திறக்கும் கண்ணாடி இருக்கும். அதைப் பாதி திறந்து நிற்கும்படி ஒரு கம்பி வைத்துக் கொடுத்தான். எங்கள் எல்லாருக்கும் அது சரியென்றுதான் பட்டது. காற்று வந்தால் நல்லது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இரண்டு நாளில் முனியாண்டி போன் செய்தார். சத்தம் போடவில்லை. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

“கண்ணாடி தொறந்து வெச்சதுக்கப்புறம் இன்னும் மோசம்கா. யாழினி வாந்தி எடுத்துட்டா. என் மகளுக்கும் தலை சுத்துதாம். என்னதான் செய்யறது?”

சீல் இறுக்கினால் தலைவலி. கண்ணாடி திறந்தால் வாந்தி. போனை வைத்துவிட்டு முதலாளியிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மகேஸ், கேனோப்பியக் கழட்டிட்டுப் பணத்தத் திருப்பிக் குடுத்துரலாமா?”

“கழட்டினா பிள்ளைங்க மறுபடியும் தொறந்த வண்டில போவாங்க, முதலாளி.”

“அதுவும் சரிதான்” என்றார். பிறகு, “அதுவும் சரியில்ல” என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன், ஒரு நாள் நானே அவர்களோடு ஏறிப் போய்ப் பார்க்கிறேன் என்று. வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். முதலாளிக்கு இஷ்டமில்லை. “அதெல்லாம் வேணாம்மா” என்றார். வேறு வழியும் அவருக்குத் தோன்றவில்லை.

3. ஏறிப் போன காலை

தாமான் வாசலில் வண்டி நின்றது. பழைய டபுள் கேப். டீசல் இல்லை, பெட்ரோல் இன்ஜின். டபுள் கேப் என்றால் முன்னால் ஓட்டுபவரோடு ஒருவர், பின் சீட்டில் மூவர் உட்காரலாம். அந்த இடங்களில் முனியாண்டியோடு வேலை செய்யும் நால்வர் ஏறிக்கொண்டார்கள். பெட்ரோலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொடுப்பவர்கள். பிள்ளைகள் பழக்கப்பட்டவர்களாக டெயில்கேட்டைப் பிடித்துப் பின்னால் ஏறினார்கள். சர்வேஷ் எனக்குக் கை கொடுத்தான். ஆறாம் ஆண்டு படிக்கிறவன்.

“ஆண்ட்டி, அங்க உக்காராதீங்க. வளைவுல தலை இடிக்கும். இந்த மூலைல உக்காந்து காலை அந்தப் பலகைல முட்டுக் குடுங்க.”

அவன் சொன்னபடி உட்கார்ந்தேன். பிள்ளைகள் நால்வரும் காலை முட்டுக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும் யாழினி கால் எட்டாமல், தேவியின் மூத்தவனான தன் அண்ணன் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

வண்டி கிளம்பியதும் ஒரே பேச்சு. யாருடைய பென்சில் யாரிடம் இருக்கிறது என்று தொடங்கி ஒரு பூனை வரை போனது. நான் மூக்கை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் சீல் பக்கம் முகர்ந்தேன். மெத்தையை முகர்ந்தேன். சாலையில் எப்போதும் அடிக்கும் வண்டிப் புகையைத் தவிர வேறு வாடை இல்லை. கண்ணாடி பாதி திறந்திருந்தது. வேலைக்குப் போகும் நேரம் என்பதால் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. நின்றது. மறுபடி ஊர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பேச்சு குறைந்தது. பிறகு நின்றே போனது. அடக்கமான பிள்ளைகள் என்று நினைத்தேன். எனக்கும் பேசத் தோன்றவில்லை. நெற்றியின் இரண்டு பக்கமும் யாரோ கட்டை விரலால் அழுத்துவது போல இருந்தது. காலையில் காப்பி குடிக்காமல் வந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே புகுந்திருக்க வேண்டும். முனியாண்டி பிரேக் பிடித்தார். பெரிய பிரேக் இல்லை. கேபினில் இருந்தவர்களுக்கு லேசாக உலுக்கியிருக்கும், அவ்வளவுதான். பின்னால் பலகை, மெத்தை, பை, பிள்ளை, நான் எல்லாம் ஒன்றாக முன்னால் சறுக்கிக் கேபின் சுவரில் போய் மோதினோம். சர்வேஷின் நெற்றி ஜன்னல் விளிம்பில் பட்டது. அவன் அழவில்லை. பலகையைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டான்.

“டெய்லி இப்படியா?” என்றேன்.

“டெய்லி இல்ல ஆண்ட்டி. சில நாள்.”

யாழினி விழுந்த இடத்திலேயே கிடந்தாள். அடி பட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். “தூங்கிட்டா ஆண்ட்டி. அவ எப்பவும் இங்க வந்ததும் தூங்கிருவா” என்றான் அவள் அண்ணன். அவனுக்கும் கண் பாதி மூடியிருந்தது.

ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. நினைப்பே மெதுவாக ஓடியது. கேபினின் பின்கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. நால்வரும் சீட்டில் சாய்ந்து எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி தட்டினேன். பின் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் சும்மா கையாட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

பள்ளி வாசலில் வண்டி நின்று டெயில்கேட் திறந்தது. “யாழினி, எந்திரி” என்றார் முனியாண்டி. அவள் எழவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. முனியாண்டி என்னைப் பார்த்தார். நான் இறங்கப் பார்த்தேன். கால் என் சொல் கேட்கவில்லை. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பள்ளிக் காவலாளி தன் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார். ஒரு டீச்சர் தண்ணீர் தெளித்தார். வெளிக்காற்றில் கொஞ்ச நேரத்தில் அவள் முனகினாள். அந்த டீச்சரின் காரிலும் இன்னொரு டீச்சரின் காரிலும் எங்களை எல்லாம் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள்.

4. டாக்டர் கேட்டது

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். சின்ன வயது. யாழினிக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டுவிட்டு, மற்ற மூன்று பிள்ளைகளையும் என்னையும் பார்த்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரித் தலைவலி என்றதும் அவர் முகம் மாறியது.

“எந்த வண்டில வந்தீங்க?”

சொன்னேன். கேனோப்பி, மெத்தை, பாதி திறந்த கண்ணாடி எல்லாம் சொன்னேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் எல்லாருக்கும் மாஸ்க் போட்டார்கள். தேவி வேலையை விட்டு ஓடிவந்தபோது நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக மாஸ்க்கோடு கிடந்தோம்.

“எக்சோஸ் புகைங்க, வண்டிப் புகைக்குழாய்ல வர்றது” என்றார் டாக்டர். “கார்பன் மோனாக்சைடு. அதுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. வண்டி ஓடும்போது பின்னாடி இருக்குற காத்த உள்ளபக்கமா இழுக்கும். கண்ணாடி தொறந்திருந்தா இன்னும் நல்லா இழுக்கும். சின்னப் பிள்ளைங்களுக்கு சீக்கிரம் ஏறிரும். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேச வேண்டி வந்திருக்கும்.”

முனியாண்டி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். “கேனோப்பியக் கழட்டிட்டா சரியாயிருமா டாக்டர்?” என்று கேட்டார். “இல்ல எக்சோஸ மாத்திட்டா?”

டாக்டர் சர்வேஷை அருகில் கூப்பிட்டு, நெற்றியில் புடைத்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“இது எப்படி வந்துச்சு?”

“அப்பா பிரேக் போட்டாரு.”

“வேகமா போனீங்களா?”

“இல்ல டாக்டர். ஜாம்ல ஊர்ந்துக்கிட்டுதான் இருந்தோம்” என்றேன் நான்.

“புகையே இல்லன்னாலும் ஒரு நாள் இதுக்காக இங்க வந்திருப்பீங்க, அண்ணே” என்றார் டாக்டர். “ஊர்ந்து போகும்போதே இவ்வளவு. ஹைவேல ஒரு மோதல்னா அந்தக் கூடு பிடிச்சு நிறுத்தாது. பின்னாடி இருக்குறது சாமான் வைக்கிற எடம். மூடினாலும், மெத்த போட்டாலும் அது சாமான் வைக்கிற எடம்தான்.”

முனியாண்டி தலையாட்டினார். தேவி அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ தன் மகளின் காலைத் தடவிக்கொண்டே, “நடிக்கிறாள்னு சொன்னேன்டி ஒன்ன” என்று மட்டும் சொன்னார். மாஸ்க்குக்குள்ளிருந்து யாழினி என்னவோ பதில் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் யாழினியை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகும் சில முறை வரச் சொல்லிப் பார்த்தார்கள். நன்றாகத் தேறிவிட்டாள்.

5. இருந்த இடம்

வண்டி எங்கள் கடைக்கு வந்தது. அஸ்மான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டான். எக்சோஸ் குழாய் பெட்டுக்கு நேர் கீழே ஒரு ஜாயின்டில் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. பெட்டில் தண்ணீர் வடிவதற்கு இருக்கும் துவாரங்கள் வழியாகவும் புகை மேலே ஏறியிருக்கிறது.

“நாம மேலதான் முகர்ந்தோம், காக். யாரும் கீழ பாக்கல” என்றான்.

ஓட்டையை அடைத்துவிட்டால் போதும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முதலாளி விடவில்லை. முனியாண்டியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தேவியும் நானும் இருந்தோம்.

“எக்சோஸ சரி பண்ணிருவோம். ஆனா பிள்ளைங்க இனிமே பின்னாடி ஏறக் கூடாது. ஏத்துறதா இருந்தா கேனோப்பிய நான் இப்பவே கழட்டிருவேன்” என்றார்.

“சரி முதலாளி. அப்ப அவங்க எப்படிப் போவாங்க?” முனியாண்டி எதிர்த்துக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். “வேன் இல்ல. தேவிக்கும் வீட்டுக்காரருக்கும் லைசென்ஸ் இல்ல. பஸ்ஸு அந்தப் பக்கம் போகாது.”

எனக்கு அந்தக் கேபின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. கையாட்டிய மனிதர் சாய்ந்திருந்த சீட் நினைவுக்கு வந்தது.

“அண்ணே, உள்ள எத்தன சீட்டு?”

“என்னோட சேத்து அஞ்சு.”

“பிள்ளைங்க நாலு பேருதானே?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே நின்ற தன் வண்டியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ண வேண்டிய கணக்கே இல்லை. ஆனாலும் அவர் உதடு அசைந்தது.

“அந்த நாலு பேரும் பெட்ரோல் காசு குடுக்குறாங்க. ஒரே லைன்ல வேல செய்யறவங்க. எப்படி எறங்குங்கன்னு சொல்றது?”

“நான் சொல்றேன்” என்றார் தேவி. “எனக்குச் சொல்லத் தெரியும்.”

சொல்லவும் செய்தார். தொழிற்சாலைக்கு ஃபேக்டரி பஸ் உண்டு. கொஞ்சம் சீக்கிரம் எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து போய் ஏற வேண்டும். அதற்குத்தான் நால்வரும் சோம்பிக்கொண்டிருந்தார்கள். மூவர் மறுபேச்சு பேசாமல் பஸ்ஸுக்கு மாறினார்கள். ஒருவர் பல மாதம் முனியாண்டியோடு பேசவில்லை. நாம் சின்னவர்களாக இருந்தபோது லாரியில் நின்றுகொண்டு கோயிலுக்குப் போகவில்லையா, நமக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாராம். எனக்கும் அந்த நினைவு உண்டு. நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஏதாவது ஆனவர்கள் வந்து பேசுவதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பின் சீட் பெல்ட்டுகளைத் தேடியபோது இன்னொரு வேடிக்கை. பக்கிள்கள் எல்லாம் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தன. வண்டி வாங்கியதிலிருந்து யாரும் வெளியே எடுத்ததே இல்லை. அஸ்மான் கவரை வெட்டி ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான். ஒன்று இறுகிப் போயிருந்தது. அதை மாற்றினான். சின்னப் பிள்ளைகளுக்கு பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் விழ, உயரம் கொடுக்கும் பூஸ்டர் சீட் வாங்கிவரச் சொன்னோம். அதைச் சரியாகப் பொருத்துவதற்குள் நானும் அஸ்மானும் விளக்கத் தாளைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். சர்வேஷ் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துப் பெரிய மனிதனாக அதட்டினான்.

அதற்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு வழக்கம் வந்தது. கேனோப்பி கேட்டு வருகிறவரிடம், அளவு கேட்பதற்கு முன்னால், உள்ளே யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்போம். என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டால் சாமான் என்றுதான் சொல்வார்கள். யார் என்று கேட்டால் ஒரு நொடி தடுமாறுவார்கள். அந்த ஒரு நொடியில்தான் விஷயம் வெளியே வரும். கவுண்டரில் புதிதாக நிற்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் அப்படிப் போனவர் அங்கே யாரும் கேட்காமல் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றினால், நாங்கள் கேட்டதில் என்ன பயன் என்று எனக்கு இன்றும் ஒரு குழப்பம் உண்டு.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு தங்காக் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். துணி வியாபாரம். மனைவி முன் சீட்டில் இருந்தார். பின் சீட் நிறையத் துணி மூட்டைகள். பெட்டில் இரண்டு பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துணி நனையாமல் இருக்க உள்ளே வைத்தாராம். பிள்ளைகள் நனையாமல் இருக்கக் கேனோப்பி வேண்டுமாம்.

துணி உள்ளே, பிள்ளைகள் பின்னாலா என்று நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வெளியே போய் வண்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பின் கதவைத் திறந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெட்டில் போட்டுவிட்டு, பிள்ளைகளை இறக்கிப் பின் சீட்டில் ஏற்றினார். மழை வருகிற மாதிரி இருந்தது. அஸ்மான் அங்கங்கே கிழிந்திருந்த ஒரு பழைய தார்ப்பாயை எடுத்துக்கொண்டு போய் மூட்டைகளை மூடிக் கட்டிக் கொடுத்தான்.

கேனோப்பி வாங்க அவர் திரும்பி வரவே இல்லை. வேறு எங்காவது வாங்கினாரா, மறுநாள் பிள்ளைகளை எங்கே உட்காரவைத்தார், எனக்குத் தெரியாது. அன்று வண்டி கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. துணிதான் நனைந்தது.